அண்டமுழுங்கி விழுங்கிய ராணி

இந்த வீட்டில் இனிமேல் தன் குரல்தான் கேட்க வேண்டும் என்று நடனசபாபதி தீர்மானம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாவது இட்லியை விண்டு வாயில் போட்டுக்கொண்ட சமயத்தில். தீர்மானம் பலமானதுதான். நாலாவது இட்லி கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் சமையலறையிலிருந்து ஞானாம்பாளின் குரல் வந்துவிட்டது.

"மூணு போதும். நேத்தே வயிறு சரியில்லைன்னீங்க."

நடனசபாபதி தீர்மானத்தையும் இட்லியோடு சேர்த்து விழுங்கிவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார்.

கடலூர்த் திருப்பாப்புலியூரில் ஒரு மல்லாட்டை மண்டியில் அவர் குமாஸ்தா. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அந்தப் பக்கத்தில் போய் வேர்க்கடலை என்று கேட்டால் ஆள் வெளியூர் என்று கண்டுகொண்டு விலையைக் கூட்டிவிடுவார்கள். நடனசபாபதி ஒல்லியான மனுஷர். முதலாளி கூப்பிட்டால் "ஐயா" என்பார். மூட்டை தூக்குகிறவர் கூப்பிட்டாலும் "ஐயா" என்பார். மண்டி வாசலில் மல்லாட்டை மேய வருகிற ஆட்டைக்கூட "போப்பா" என்று மரியாதையாகத்தான் விரட்டுவார்.

ஆனால் இதே நடனசபாபதி மாதம் இரண்டு தடவை ஏழு உலகங்களையும் கிடுகிடுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

மஞ்சக்குப்பத்தில் சுப்பராயலு என்பவர் ஓர் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடித்தது போக மிச்ச நேரத்தில் 'கிலுகிலுப்பை' என்று மாதம் இருமுறை ஒரு சிறுவர் பத்திரிகை போட்டார். அதில் தொடராக வந்த படக்கதைக்குக் கதை வசனம் எழுதியவர் 'சிம்மகர்ஜனை'. அந்தச் சிம்மம் நடனசபாபதிதான். படம் போட்டவன் ஞானாம்பாளின் தம்பி உத்திராபதி. சிதம்பரத்தில் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைப்பவன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் வந்து, அக்காள் கையால் சாப்பிட்டுவிட்டு, மாமா எழுதி வைத்திருக்கும் கதையை வாங்கிக்கொண்டு போவான். படம் வரைந்து, வசனத்தையும் தானே பலூனுக்குள் எழுதி, நேரே அச்சகத்தில் சேர்த்துவிடுவான்.

கதையில் தேவர்களுக்குப் பிறந்த மூன்று வீரர்கள். வஜ்ரவேலன், பட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறப்பான். அக்கினிக்கண்ணன் முறைத்தால் மலை பற்றிக்கொள்ளும். வாயுவேகன் ஓடினால் அவனுடைய நிழல் மறுநாள்தான் வந்து சேரும். இந்த மூன்று பேரையும் ஒரு கையால் புரட்டி எடுக்கிற வில்லன், பாதாளபுரியை ஆளும் ராட்சச ராஜா அண்டமுழுங்கி. எட்டுப் பனை உயரம். மீசையின் இரு முனையிலும் முனைக்கொரு யானை தொங்கி ஊஞ்சல் ஆடும். கோபம் வந்தால் கிரகங்களைச் சுண்டல் மாதிரி அள்ளி வாயில் போட்டுக்கொள்வான்.

நல்லவர்கள் மூன்று பேரையும் ஊரில் ஒருவரும் சட்டை செய்யவில்லை. "இந்த வாட்டி அண்டமுழுங்கி எதை முழுங்குறான்?" என்றுதான் கேட்டார்கள். ஒரு சமயம் வஜ்ரவேலன் தொடர்ந்து சில இதழ்களில் தலையே காட்டவில்லை. வாசகர்கள் கவனிக்கவில்லை. நடனசபாபதியும் கவனிக்கவில்லை.

அவருக்கும் அண்டமுழுங்கி மேல்தான் உயிர். அவர் வாயில் வராததெல்லாம் அவன் வாயில் வந்தது. மண்டி முதலாளி ஒரு திங்கட்கிழமை அவரை வைதார். அடுத்த இதழில் அண்டமுழுங்கி பாதாளபுரியின் நிதி மந்திரியைச் சந்திரனின் கொம்பில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டான். நிதி மந்திரிக்கு முதலாளியைப் போலவே வழுக்கை. முதலாளி அதைப் படித்துவிட்டு, "யாரோ நல்லா எழுதுறான்" என்றார்.

ஞானாம்பாள்தான் கொஞ்சமும் அசையாதவள். அண்டமுழுங்கிக்கு அவள் வைத்த பெயர் அண்டாமுழுங்கி.

"ஏங்க, உங்க அண்டாமுழுங்கிக்கு எட்டுப் பனை ஒசரம்னு எழுதுறீங்களே, அவனுக்கு எண்ணெ தேச்சி விடுறவ கதியை நெனச்சிப் பாத்தீங்களா?"

ஆனாலும் இதழ் வந்த அன்று தெருப் பெண்களைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டுகிறவள் அவள்தான். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் பூவம்மாள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள்.

வினை, ஒரு ஞாயிற்றுக்கிழமை உத்திராபதியோடு ரயிலில் வந்தது.

"அக்கா, சிதம்பரத்துல மாதர் சங்கத்துல தையல் வகுப்பு ஆரம்பிக்கிறாங்க. டீச்சர் தேடுறாங்க. உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அவன் பாட்டுக்கு மோர் ஊற்றிக்கொண்டான்.

ஞானாம்பாள் தையல் பரீட்சை பாஸ் செய்தவள். ஒரே மகளைத் திட்டக்குடியில் கட்டிக் கொடுத்தாயிற்று. தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கும் ரவிக்கை அவள் தைத்தது. உத்திராபதி ஊருக்குப் போன பிறகு அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"போலாம்னு இருக்கேங்க."

"எங்க?"

"சிதம்பரத்துக்குத்தான்."

"எப்ப வருவே?"

"தெனம் வந்துடுவேன்."

நடனசபாபதி கொஞ்சம் யோசித்தார். "தெனம் வருவேன்னா... தெனம் போவியா?"

"போனாத்தானேங்க வர முடியும்?"

"ரயில்லயா?"

"காலைல பாசஞ்சர்ல போயிட்டு சாயங்காலப் பாசஞ்சர்ல வரப்போறேன். பறந்து போக நான் என்ன வஜ்ரவேலனா?"

"ஊர்ல நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேருக்கும் ரவிக்கை தைக்கிறதே நான்தான். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நான் யோசிச்சி சொல்றேன், ஞானம்."

"யோசிங்க. வர்ற மாசம் போயி, அதுக்கடுத்த ஒண்ணாந்தேதி சேரணும். அதுக்குள்ள யோசிச்சி முடிச்சிடுங்க."

நடனசபாபதி யோசித்தார். வேண்டாம் என்பது முதல் நிமிஷமே முடிவாகிவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் மீதி நேரமெல்லாம் போயிற்று. ஊர் பேசும் என்று சொன்னது சும்மா. உண்மைக் காரணத்தை அவர் தனக்கே உரக்கச் சொல்லிக்கொண்டதில்லை. மத்தியானம் மண்டியிலிருந்து சாப்பிட வீட்டுக்கு வருவார். ஞானாம்பாள் எதிரே உட்கார்ந்து பரிமாறுவாள். முதலாளி என்ன சொன்னார், தராசுக்காரர் எப்படி முழித்தார் என்று அவர் பேசிக்கொண்டே இருப்பார். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். நடுவில் குத்தலாக ஒரு வார்த்தை போடுவாள். நாள் முழுவதிலும் அவர் வாய்விட்டுப் பேசுகிற நேரம் அது ஒன்றுதான். அவள் ரயிலேறிவிட்டால் அவர் சட்டியோடா பேசுவது?

இதை மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று அதட்டிச் சொல்ல பயமாக இருந்தது. கடைசியில் ஆள் அகப்பட்டான். எட்டுப் பனை உயரத்தில் ஒருத்தன் சும்மாதானே நிற்கிறான்!

அண்டமுழுங்கிக்குக் கோமளாங்கி என்று ஒரு ராணி உண்டு. அதுவரை அவளுக்கு வசனமே கிடையாது. சிம்மாசனத்தின் ஓரத்தில் பாதி முகம் தெரிய உட்கார்ந்திருப்பாள். நடனசபாபதி அவளைப் பேச வைத்தார். மேலுலகத்துப் பெண்களுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்கப் போக வேண்டும் என்று அவள் கேட்கிறாள். அண்டமுழுங்கி எழுந்து நிற்கிறான். மீசை துடிக்கிறது. யானைகள் இரண்டும் கீழே விழுகின்றன.

"பெண்ணே! பாதாளபுரியின் வாசற்படியைத் தாண்டினால் உன் பாதங்கள் உனக்கில்லை! நான் உண்ணும் வேளையில் நீ என் எதிரே இருந்தாக வேண்டும்! இது அண்டமுழுங்கியின் ஆணை!"

இதழ் வெளியான அன்று ஞானாம்பாள் வழக்கம்போல் படித்துக் காட்டினாள். நடனசபாபதி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியாம்மா கதையை! எட்டுப் பனை ஒசரம் வளந்திருக்கான், தானா சோறு போட்டுத் திங்கத் தெரியலியா?" என்றாள் பூவம்மாள். "என் வூட்டுக்காரரு கடலுக்குப் போயிட்டு வந்து, நான் கூடையோட திரும்பறதுக்குள்ள கொழம்பே வச்சி எறக்கிடும். மீசை என்னவோ எலிவாலு மாதிரிதான் இருக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். ஞானாம்பாள் சிரிக்கவில்லை. உள்ளே வந்தாள். பத்திரிகையை நாலாக மடித்தாள்.

"கதை நல்லா இருக்குங்க" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. நடனசபாபதி அடுத்த நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார்.

ஆனாலும் பின்வாங்கவில்லை. அடுத்த கதையில், ராணி அழுது புரண்டு மன்னிப்புக் கேட்டு, இனி வாசல் பக்கமே போவதில்லை என்று சத்தியம் செய்வதாக எழுதினார். ஞாயிற்றுக்கிழமை உத்திராபதி வந்தான். அன்று அவனுக்கு வஞ்சிர மீன் வறுவல். மாமாவுக்கு நெத்திலி. சமையலறையில் அக்காளும் தம்பியும் ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். குடும்ப விஷயம் போலிருக்கிறது என்று நடனசபாபதி நெத்திலியில் முள் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதழ் வந்தது. நடனசபாபதி மண்டியில் வைத்துப் பிரித்தார்.

கோமளாங்கி தேரில் ஏறிக்கொண்டிருந்தாள். இதுவரை பாதி முகமாக இருந்தவள் இப்போது பக்கம் முழுவதும் நிறைந்திருந்தாள். கீழே, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏரி அளவு ஆட்டுக்கல்லில் மேரு மலையைக் குழவியாகப் போட்டு மாவாட்டிக்கொண்டிருந்தான் அண்டமுழுங்கி. மீசையை முடிச்சுப் போட்டுத் தலைக்குப் பின்னால் தள்ளியிருந்தான், மாவில் படாமல் இருக்க. பலூனுக்குள் வசனம்: "போய் வா தேவி! சோறு வடிக்க எனக்கும் தெரியும்!"

நடனசபாபதி மஞ்சக்குப்பத்துக்கு ஓடினார். அச்சகத்து வாசலில் சுப்பராயலு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அடிக்கத்தான் வருகிறார் என்று நடனசபாபதி ஒதுங்கினார். அவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"யோவ் சிம்மகர்ஜனை! எங்கய்யா இருந்தே இவ்ளோ நாளா? ஒரு புஸ்தகம் பாக்கி இல்ல! திரும்ப அடிக்கிறோம்! பசங்க வாங்கினது போக, பொம்பளைங்க கேட்டு வாங்குறாங்கய்யா! பண்ருட்டியிலேருந்து ஆள் அனுப்பியிருக்காங்க!"

"இல்லீங்க, அந்த மாவாட்டுற எடம்..."

"அந்த எடந்தான்யா உசுரு! ராட்சசனை மாவாட்ட வைக்கணும்னு எவனுக்குய்யா தோணும்? உனக்கு எப்படித் தோணிச்சி?"

நடனசபாபதி வாயைத் திறந்தார். எழுதியது நானில்லை என்று சொல்ல வேண்டிய இடம் இது. அச்சுக் கோக்கிறவர்கள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்காகக் காப்பி வந்துகொண்டிருந்தது. அவரை இதுவரை ஒருவரும் எழுந்து நின்று பார்த்ததில்லை.

"ஏதோ... தோணிச்சிங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது ஞானாம்பாள் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ராஜாவே உத்தரவு குடுத்துட்டாரு. நான் ஒண்ணாந்தேதி சேந்துடுறேங்க."

"அது கதை, ஞானம்!"

"போன வாட்டி வாசப்படி தாண்டக் கூடாதுன்னது?"

"அதுவும்... கதைதான்."

"சரி, இதை எழுதினது யாருங்க?"

நடனசபாபதி விட்டத்தைப் பார்த்தார். மஞ்சக்குப்பம் முழுக்க ஒப்புக்கொண்டு வந்தாயிற்று. சுப்பராயலு வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியும் விட்டார்.

"நான்தான்" என்றார்.

"அப்பறம் என்னங்க?" என்று ஞானாம்பாள் மிஷின் சக்கரத்தைச் சுழற்றினாள்.

ஒண்ணாந்தேதி அவள் ரயிலேறினாள். நடனசபாபதி மத்தியானம் வீட்டுக்கு வந்தார். சோறு மூடி வைத்திருந்தது. சாப்பிட்டார். தராசுக்காரருக்கும் ஒரு லாரி டிரைவருக்கும் அன்று நடந்த சண்டை பிரமாதமானது. சொல்ல ஆள் இல்லை. மோர் மிளகாயிடம் கொஞ்சம் சொல்லிப் பார்த்தார். சுவாரசியப்படவில்லை.

பொறுத்துப் பார்த்தவர் கடைசியில் கொலை செய்ய முடிவு செய்தார். கோமளாங்கியை அண்டமுழுங்கி விழுங்கிவிட வேண்டியதுதான். ராணியே இல்லை என்றால் அவளுக்கு வேலை ஏது, ரயில் ஏது? இந்தத் தடவை கதையை உத்திராபதியிடம் கொடுத்தனுப்பத் தயாராக இல்லை. ஞாயிற்றுக்கிழமை தானே சிதம்பரத்துக்கு ரயிலேறி, மச்சான் கடையில் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மச்சான், என் கண்ணெதிர வரை."

"என்னா மாமா, என் மேல நம்பிக்கை இல்லியா?"

"இல்ல."

உத்திராபதி கொஞ்சமும் வருத்தப்படாமல் பிரஷ்ஷைக் கழுவினான். "சரி, என்னா செய்யணும் சொல்லுங்க."

"அந்தா தெரியுது பாரு கோபுரம். அதைப் பாத்து சத்தியம் பண்ணு. நான் எழுதினதுல ஓர் எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்னு."

"சத்தியமா மாத்த மாட்டேன் மாமா." கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டான்.

கண்ணெதிரிலேயே வரைந்தான். அண்டமுழுங்கி வாயைத் திறந்தான். கோமளாங்கி தேரோடு, குதிரையோடு உள்ளே போனாள். 'முழுங்கினான்!' என்று பெரிய எழுத்தில் எழுதினான். கடைசிக் கட்டத்தில் அண்டமுழுங்கி ஏப்பம் விட்டான். ஏப்பத்தில் இரண்டு நட்சத்திரங்கள் அணைந்தன. நடனசபாபதி ஓர் எழுத்து விடாமல் சரிபார்த்துவிட்டு, நிம்மதியாகக் கடலூர் திரும்பினார்.

ஞானாம்பாள் தினமும் வகுப்பு முடிந்து ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் தம்பி கடையில்தான் உட்காருகிறாள் என்பதை அவர் மறந்துபோனார். 'நான்தான்' என்று ஒப்புக்கொண்டு அவளைச் சிதம்பரத்துக்கு அனுப்பி வைத்தவரே அவர்தான்.

இதழ் வந்தது. ஏப்பம் வரை எல்லாம் சரியாக இருந்தது. ஏப்பத்துக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம். அண்டமுழுங்கி சபையில் நிற்கிறான். மந்திரிகளைப் பார்த்து வாயைத் திறக்கிறான். உள்ளேயிருந்து ராணியின் குரல் வருகிறது: "மந்திரிகளே! நாளை முதல் நான் சொல்வதைத்தான் ராஜா பேசுவார்!"

அண்டமுழுங்கி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறான். குரல் காது வழியாக வருகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த உத்திராபதியை நடனசபாபதி வாசலிலேயே மறித்தார்.

"கோபுரத்தைப் பாத்து சத்தியம் பண்ணியேடா!"

"மாத்தலியே மாமா. சேத்தேன்" என்றான் உத்திராபதி, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

கடலூர் சிரித்தது. மண்டி சிரித்தது. நடனசபாபதி, "ரெண்டு மூட்டை கொறையுதுங்களே" என்றால், "இதைச் சொல்றது நீயா, உள்ள இருக்கறவங்களா?" என்றார் முதலாளி. மூட்டை தூக்குகிறவர்கள் அவர் காதருகே வந்து கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சுப்பராயலு ஆகாயத்தில் மிதந்தார். வாசகர்களுக்கு ஒரு விழா, அதில் சிம்மகர்ஜனைக்கு ஒரு பாராட்டு என்று சிதம்பரம் கீழவீதியில் ஒரு மண்டபத்தைப் பிடித்துவிட்டார். உத்திராபதி பெரிய தட்டியில் அண்டமுழுங்கியை வரைந்து வாசலில் நிறுத்தினான். தட்டி கொள்ளாமல் ராட்சசனின் மீசை பக்கத்துப் பாத்திரக்கடை போர்டு வரைக்கும் போயிற்று.

நடனசபாபதி கடைசி ஆயுதத்தோடு மேடை ஏறினார். யார் வரைந்தாலும், யார் சேர்த்தாலும், ஆயிரம் பேருக்கு முன்னால் ஆசிரியர் சொன்னால் அதுதான் கதை. பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஞானாம்பாள் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் அவளுடைய தையல் வகுப்புப் பெண்கள். விழா பார்க்கக் கடலூரிலிருந்து வந்திருந்த பூவம்மாளும் பக்கத்தில் இருந்தாள்.

சுப்பராயலு நடனசபாபதியை ஏழு உலகங்களையும் கிடுகிடுக்க வைக்கும் எழுத்தாளர் என்று வர்ணித்துவிட்டு, வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்றார். பூவம்மாள்தான் முதலில் எழுந்தாள்.

"ஐயா, ராணி வயித்துக்குள்ள எவ்ளோ நாளு இருப்பாங்க? எப்ப வெளிய வருவாங்க?"

நடனசபாபதி மைக்கைப் பிடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் பெரிதாக வந்தது. பாதி மைக்கால், மீதி ஆத்திரத்தால்.

"வரமாட்டாங்க! ராணி கதை முடிஞ்சிபோச்சி! அண்டமுழுங்கி வயித்துல... ஜீரணமாயிட்டாங்க!"

பெண்கள் பக்கமிருந்து ஓர் இரைச்சல் கிளம்பியது பாருங்கள், அண்டமுழுங்கியே கேட்டிருந்தால் பாதாளத்துக்கு இறங்கிப் போயிருப்பான்.

"அதெப்படி ஜீரணமாகும்?"

"தேரோட குதிரையோட முழுங்கிட்டு ஜீரணமாயிடுச்சாம்ல!"

"எங்க காசைத் திருப்பிக் குடு!"

சுப்பராயலு முகத்தில் வேர்வை வழிந்தது. நடனசபாபதியின் வேட்டியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். "யோவ், என் பத்திரிகையை மூட வச்சிடாதய்யா! ஏதாவது சொல்லு!" நடனசபாபதியின் தைரியமெல்லாம் ஒரே வாக்கியத்தில் செலவாகிவிட்டது. அவர் கண் தானாக முன்வரிசைக்குப் போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் பேச்சு பாதியில் நின்றுபோனால் எடுத்துக் கொடுப்பாளே, அந்த முகத்துக்கு.

ஞானாம்பாள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எதுக்கும்மா சண்டை போடுறீங்க? அவுரு சரியாத்தான் சொன்னாரு" என்றாள். கூட்டம் அடங்கிற்று. "ராணி ஜீரணமாயிட்டாங்கன்னா என்ன அர்த்தம்? நாம சாப்புடுறது ஜீரணமானா என்ன ஆகுது? ரத்தமாகுது, சதையாகுது. இதுவரைக்கும் ராணி ராட்சசன் வயித்துல மட்டும் இருந்தாங்க. இப்ப கை, காலு, மீசை எல்லாத்துலயும் ராணிதான்! இனிமே அண்டமுழுங்கின்னு தனியா ஒரு ஆளே கெடையாது!"

மண்டபம் அதிர்ந்தது. தையல் வகுப்புப் பெண்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினார்கள். சுப்பராயலு நடனசபாபதிக்காக வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு ஓடினார். அவரைத் தாண்டி, படியில் இறங்கி, முன்வரிசைக்கு.

"அம்மா! நீங்கதான்மா அந்த மாவாட்டுற எடம்! எனக்கு இப்பதாம்மா புரியுது!"

அடுத்த இதழிலிருந்து கதை வசனம் அம்மாதான் என்று அங்கேயே அறிவித்தும் விட்டார். மேடையில் நின்ற நடனசபாபதியும் கைதட்டினார். முதலில் மரியாதைக்காகத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தபோது, இது நல்ல கதைதான், நமக்குத் தோன்றவில்லையே என்று உண்மையாகவே தட்டினார்.

சாயங்காலப் பாசஞ்சரில் ஜன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மாலை நடுவில் இருந்தது. பரங்கிப்பேட்டை தாண்டியதும் நடனசபாபதி மெல்ல வாயைத் திறந்தார்.

"ஊரு பேசும்னெல்லாம் நான் சொன்னது சும்மா, ஞானம். மத்தியானம் நீ இல்லன்னா... நான் யாருகிட்ட பேசுறது?"

ஞானாம்பாள் அவரையே பார்த்தாள். "இதை மொதல்லியே சொல்லியிருந்தா, இவ்ளோ பெரிய ராட்சசன் தேவைப்பட்டிருக்குமா?"

"சொல்லத் தெரியல."

"சரி, இப்ப பேசுங்க. கடலூர் வர்ற வரைக்கும் கேக்குறேன்."

நடனசபாபதி தராசுக்காரர் சண்டையிலிருந்து ஆரம்பித்தார். ஒரு மாதத்துப் பேச்சு பாக்கி இருந்தது. அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். குத்த வேண்டிய இடத்தில் குத்தினாள். கடலூர் முதுநகர் வந்தபோது அவருக்கு மனசு பஞ்சாகிவிட்டது. அதே உற்சாகத்தில் குனிந்து, ரகசியக் குரலில் கேட்டார்.

"ஞானம், எனக்கு மட்டும் சொல்லேன். அடுத்த இதழ்ல அண்டமுழுங்கிக்கு என்னா ஆகுது?"

ஞானாம்பாள் மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாசகருங்களுக்கு முன்கூட்டியே சொல்றதில்லீங்க."